அண்ணன் குடிச்சு வெச்ச மிச்சம்

எங்க யோகேஸ்வரி அண்ணி பக்கத்துல உக்காந்தா ஒரு சத்தம் கேக்கும். டிக், டிக், டிக். ஃபேனை நிறுத்தி, டிவியை நிறுத்தி, நம்ம வாயையும் நிறுத்தினாத்தான் கேக்கும். "கடைசியா சொன்னது உனக்குத்தான் கஷ்டம்"னு எங்க அண்ணன் விஜயன் கிண்டல் பண்ணுவாரு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், இல்லைன்னு சொல்லல. கூலாய்ல ஸ்கூல் வேன் ஓட்டுறவ நான். முன்னாடி லோரிக்காரன், பின்னாடி வேன் நிறைய பிள்ளைங்க. வாய் இல்லாட்டி பிழைக்க முடியுமா லா?

அந்தச் சத்தம் அண்ணியோட நெஞ்சுக்குள்ள இருந்து வர்றது. செடெனாக் பக்கம் ஒரு எஸ்டேட்டுல பொறந்தவங்க அவங்க. சின்னப் பிள்ளையா இருக்கும்போது தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம்னு வந்துருக்கு. ரப்பர் பால்மரம் வெட்டப் போற வீடு, யாரு உக்காந்து பாக்கிறது? அந்தக் காய்ச்சல் இருதயத்துக்குப் போய் ஒரு வால்வைக் கெடுத்துடுச்சு. வயசுக்கு வந்து கொஞ்ச வருசத்துல மூச்சு வாங்கி விழுந்தப்பதான் தெரிஞ்சுது. நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வெச்சாங்க. அது மூடித் திறக்கிற சத்தம்தான் டிக் டிக். அதுல ரத்தம் உறையாம இருக்க, ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரையை ஆயுசுக்கும் சாப்பிடணும். பிள்ளை பெத்துக்கிறது ஆபத்துன்னும் சொல்லிட்டாங்க.

இவ்வளவும் தெரிஞ்சுதான் எங்க அண்ணன் கட்டிக்கிட்டாரு. எங்கம்மா ஆடின ஆட்டம் இருக்கே, அப்பப்பா. "கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு வரப் போறியா?"ன்னு கேட்டாங்க. "ஆமா, நேரத்துக்கு வேலைக்குப் போகலாம்ல"ன்னாரு அண்ணன். அப்புறம் எங்கம்மா கடைசிக் காலத்துல படுத்தப்போ, மலம் மூத்திரம் அள்ளினது அந்தக் கடிகாரம்தான். நானில்ல.

அண்ணி கூலாய் டவுனுல ஒரு சீன மருந்துக் கடையில வேலை பாக்குறாங்க. முதலாளி தவுக்கேக்கு வயசாயிடுச்சு, கண்ணு மங்கல். அதனால ஜின்செங் வேரை ஆவியில காட்டி இளக்கி, காகிதம் மாதிரி சீவுறது அண்ணி பொறுப்பு. வேரு பாத்திருக்கீங்களா? தலை, உடம்பு, ரெண்டு காலு, சின்ன ஆளு படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். அதுல ஒட்டிக்கிட்டிருக்கிற மெல்லிசு வேரைத் தாடின்னு சொல்லுவாங்க. உதிர்ந்த தாடியைத் தவுக்கேயோட சம்சாரம் பொட்டலம் கட்டி அண்ணி கையில குடுத்துடும்.

அது அண்ணனுக்கு. அண்ணன் சிங்கப்பூர்ல மீனு உறைய வைக்கிற குளிர் கிடங்குல வேலை. பொழுது விடியுமுன்ன மோட்டார் சைக்கிள்ல பாலத்தைத் தாண்டிப் போவாரு, சாயங்காலம் திரும்புவாரு. எங்க குடும்பத்துக்கே கை குளிர்ச்சி. எனக்கும் அப்படித்தான், வேன்ல ஏர்கோன் போட்டா விரலு மரத்துப் போயிடும். அண்ணனுக்கு அந்தக் கிடங்கு வேலையில கை பொணத்துக் கை மாதிரி ஆயிடும். வீட்டுக்கு வந்ததும் அண்ணி ஜின்செங் தண்ணியை ஒரு கப்புல ஊத்தி வெப்பாங்க. அண்ணன் குடிச்சுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுக் கை சூடானதும் அண்ணி கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. நான் அந்த நேரத்துல போனா, "வந்துட்டா பாரு கரடி"ம்பாரு. ஆனா கையை விட மாட்டாரு.

அண்ணி மட்டும் அதை ஒரு சொட்டு வாயில வெச்சதில்ல. மாத்திரை குடுத்த கிளினிக்குல மூலிகை, வேரு, சீன மருந்து எதுவும் ஆகாதுன்னு மொதல்லயே சொல்லிட்டாங்க. கடையில சீவி முடிச்சு சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவிட்டுத்தான் சோத்துல கை வெப்பாங்க. அவ்வளவு பயம், அவ்வளவு ஒழுங்கு.

தைப்பூசம் கழிஞ்ச வாரம், மழையில, ஸ்கூடாய் பக்கம் ஒரு லோரி அண்ணனை அடிச்சுப் போட்டுடுச்சு. வீட்டுக்குக் கொண்டு வந்தப்போ அண்ணி அவரு கையைத்தான் மொதல்ல தொட்டாங்க. தொட்டுட்டு, "குளிரா இருக்கு, தண்ணி வெக்கிறேன்"னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போனாங்க. நாங்க பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தோம். எல்லாரும் மாரடிச்சு அழுதோம். அண்ணி அழல.

கருமாதி முடிஞ்ச மறுநாள்ல இருந்து படத்துக்கு முன்னாடி கப்பு வெக்க ஆரம்பிச்சாங்க. அண்ணன் படம் மாட்டியிருக்கிற சின்ன ரூம்ல ஒரு மேசை. சாயங்காலம் விளக்கு ஏத்தி, ஆவி பறக்கப் பறக்க ஜின்செங் தண்ணியை வெச்சுட்டு, திரையை இழுத்து விட்டுட்டு வெளியில வந்துடுவாங்க. படையல் போட்டா அப்படித்தானே? செத்தவங்க வந்து சாப்பிட நாம இடம் குடுக்கணும். உள்ள போகும்போது கதவைத் தட்டிட்டுப் போகணும். வருசத்துக்கு ஒரு தடவை நாம செய்யிறதை அண்ணி தினமும் செஞ்சாங்க. துக்கம், போகப் போக ஆறிடும்னு நினைச்சு நான் ஒண்ணும் பேசல. எனக்கே அது அதிசயம்.

சாயங்கால வேன் முடிஞ்சு நான் அவங்க வீட்டுக்குப் போவேன். தனியா இருக்காங்களேன்னு. ஒரு நாள் போனப்போ அண்ணி காலிக் கப்பைக் கையில வெச்சுக்கிட்டு அந்த ரூம்ல இருந்து வெளியில வந்தாங்க. முகம் செவசெவன்னு இருந்துச்சு. புதுப்பொண்ணு மாதிரி ஒரு சிரிப்பு.

"குடிச்சுட்டாரு சாந்தினி."

"யாரு?"

"உங்க அண்ணன்தான். வேற யாரு?"

"என்னண்ணி சொல்றீங்க?"ன்னேன்.

"தினமும் வராரு. வந்து என் கையைப் பிடிக்கிறாரு. நம்பலைன்னா தொட்டுப் பாரு."

தொட்டேன். சூடு. அப்போதான் அடுப்புல காட்டின மாதிரி, விரல் நுனி வரைக்கும் சூடு. எங்க அண்ணன் மோட்டார்ல இருந்து இறங்கி, தண்ணி குடிச்சுட்டு உக்காந்திருப்பாரே, அதே சூடு. நான் திரையைப் பார்த்தேன். காத்தே இல்ல, ஆனா அது ஆடுற மாதிரி இருந்துச்சு. சாமி சத்தியமா சொல்றேன், அன்னைக்கு வேன் சாவியை எடுத்துக்கிட்டு ஓடினவதான். சிக்னல்ல நிக்கும்போதுகூட பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கல.

பயந்தேன், ஆனா போகாம இருக்க முடியல. ஏன்னு கேட்டீங்கன்னா, எனக்கும் அவரு அண்ணன். வந்தா எனக்கும் வரக் கூடாதா? "கரடி"ன்னு ஒரு தடவை சொன்னா என்ன கெட்டுப் போச்சு? திரைக்கு வெளியில அண்ணியோட சேர்ந்து நானும் உக்காந்திருப்பேன். உள்ள ஜின்செங் வாசனை, மண்ணும் கசப்பும் கலந்த வாசனை. அண்ணன் சட்டையில இருந்த வாசனை அது. கொஞ்ச நேரம் கழிச்சு அண்ணி கதவைத் தட்டிட்டு உள்ள போவாங்க. காலிக் கப்போட வருவாங்க. கை சூடா இருக்கும்.

இந்தப் பக்கம் கிளினிக்குல வேற கூத்து. ஒவ்வொரு தடவை ரத்தம் பார்க்கும்போதும், நீர்க்க வேண்டிய அளவு நீர்க்கலைன்னு சொன்னாங்க. மாத்திரையைக் கூட்டினாங்க. அடுத்த தடவையும் பத்தலைன்னாங்க. திரும்பக் கூட்டினாங்க. "ஒழுங்கா சாப்பிடுறதில்லையா?"ன்னு நர்சு மிஸ்ஸி மலாய்ல திட்டுச்சு. எனக்கு வந்துச்சே கோபம். என் கண்ணு முன்னாடிதான் அண்ணி தினமும் விழுங்குறாங்க. வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலகூட பார்த்திருக்கேன், பிள்ளைங்களைப் பார்க்கிற மாதிரி.

"கீரை அதிகமா சாப்பிடுறாங்களா? அதுவும் மாத்திரையை மட்டுப்படுத்தும்."ன்னு கேட்டாங்க. இல்ல. "சீன மருந்து, ஜாமு மூலிகை?" இல்லன்னு அண்ணி தலையாட்டினாங்க. பொய் பேசத் தெரியாத மனுசி. நானும் பக்கத்துல நின்னு, "அதெல்லாம் தொடவே மாட்டாங்க"ன்னு அடிச்சுச் சொன்னேன்.

வீட்டுக்கு வரும்போது வேன்ல அண்ணி மெதுவா சொன்னாங்க, "அவரு கூப்பிடுறாரோ என்னமோ. ரத்தம் அவரு பக்கம் சாயுது."

"வாயைக் கழுவுங்க அண்ணி"ன்னு கத்தினேன். கத்திட்டு, வேனை ஓரமா நிறுத்தி அழுதேன். ஏற்கனவே ஒருத்தரைக் குடுத்தாச்சு. இவங்களும் போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா? கல்யாணமும் முறிஞ்சு போய், அம்மாவும் போய், இந்த ஒரு வீட்டுலதான் எனக்கு ஒரு தட்டு இருக்கு.

தீபாவளி வந்துச்சு. துக்க வருசம், பலகாரம் கிடையாது, புதுத்துணி கிடையாது. ஆனா முந்தின நாள் படையல் உண்டு. அண்ணனுக்குப் பிடிச்ச நண்டுப் பிரட்டல், கோழிக் கறி, ஒரு டின் பீர், சிகரெட்டு, எல்லாத்துக்கும் நடுவுல அந்தக் கப்பு. கற்பூரம் காட்டிட்டு, திரையை இழுத்துட்டு, ரெண்டு பேரும் வெளியில உக்காந்தோம். பக்கத்து வீட்டுல வெடி போட்டு ஓய்ஞ்சுது. ஃபேனும் ஓடல, டிவியும் ஓடல. நானும் பேசல.

அண்ணி என் தோளுல சாய்ஞ்சிருந்தாங்க. என் காதுக்குப் பக்கத்துல அவங்க நெஞ்சு. எனக்கு என்னமோ குறையிற மாதிரி இருந்துச்சு. என்னன்னு பிடிபடல. அப்புறம்தான் பிடிபட்டுச்சு. டிக் டிக் இல்ல. காதை ஒட்டி வெச்சுக் கேட்டேன். துணிக்குள்ள சுத்தி வெச்ச மாதிரி, மொத்தையா, எங்கேயோ ஒரு சத்தம்.

"அண்ணி, சத்தம் கேக்கலையே!"

"அவரு வர்ற நேரத்துல அது அடங்கிடும்"னாங்க அண்ணி, ரொம்பச் சாதாரணமா. "இப்போ கொஞ்ச நாளா அப்படித்தான். வழி விடுது."

எழுந்திரிச்சாங்க. எழும்போதே மூச்சு வாங்குச்சு. கதவைத் தட்டினாங்க, உள்ள போனாங்க. எப்பவும் நான் வெளியிலயே நின்னுடுவேன். அன்னைக்கு விடல, பின்னாடியே போய்த் திரையை விலக்கினேன். அண்ணி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுட்டு, கப்பை எடுத்து, ரெண்டு கையாலயும் பிடிச்சு, ஒரே மூச்சுல குடிச்சாங்க.

"அலமாக்! அண்ணி! என்ன பண்றீங்க?"

"என்னடி?"

"ஜின்செங்குல்ல அது! நீங்க குடிக்கக் கூடாதுல்ல!"

என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. புத்தி இல்லாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. "இது ஜின்செங் இல்ல சாந்தினி. அவரு குடிச்ச மிச்சம். சத்தை அவரு எடுத்துக்கிட்டாரு. படையல் சோத்துல உப்பு சப்பு இருக்கா? இல்லைல்ல? அது மாதிரிதான். இது வெறும் தண்ணி. படையலைக் கொட்டக் கூடாது, அது யாருக்கும் கெடுதல் பண்ணாது."

எனக்குச் சின்ன வயசுல இருந்து அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க? படையல் கறி சப்புன்னு இருக்கும், செத்தவங்க ருசியை எடுத்துக்குவாங்கன்னு நானும் நம்பினவதான். அந்த மிச்சத்தை மருந்துன்னு யாரு நினைப்பா? அதுக்குள்ள அண்ணி மேசையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சரிஞ்சாங்க. உதடு நீலம்.

எப்படித் தூக்கி வேன் முன் சீட்டுல போட்டேன்னு தெரியாது. வழி பூரா ஹாரன். ஒரு சிக்னலையும் மதிக்கல. "அண்ணே, விட்டுடு அண்ணே, அவங்களை விட்டுடு"ன்னு காலியான பின் சீட்டைப் பார்த்துக் கத்திக்கிட்டே போனேன். வேன்ல அந்த வாசனை இருந்துச்சு. அது அண்ணி வாயில இருந்து வந்ததுன்னு இப்போ தெரியுது. அப்போ அவரு கூடவே வர்றாருன்னுதான் நினைச்சேன்.

ஆஸ்பத்திரியில நெஞ்சுல குழாய் வெச்சுக் கேட்ட டாக்டர் முகமே மாறிடுச்சு. ஸ்கேன் பண்ணினாங்க. வால்வுல ரத்தம் உறைஞ்சு, அது சரியா மூடித் திறக்கல. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஒரேயடியா நின்னுருக்கும். ஊசி மருந்து ஏத்தி உறைஞ்சதைக் கரைச்சாங்க. அந்தப் பேச்சு மூச்சில்லாத நாளுங்களை நான் யாருக்கும் விவரமா சொன்னதில்ல, இப்பவும் சொல்லப் போறதில்ல.

கண்ணு முழிச்சு உக்கார ஆரம்பிச்சப்போ மருந்து விவரம் கேக்க ஒரு பொண்ணு வந்துச்சு. சபீதான்னு பேரு, ஆயர் ஈத்தாம் ஊருப் பொண்ணு, அங்க உள்ள மருந்தாளர். தமிழ்ல பேசினதும் எனக்குப் பாதி உசுரு வந்துச்சு. "அக்கா, வேற மருந்து, வேரு ஏதாவது குடிக்கிறீங்களா?"ன்னு கேட்டுச்சு. அண்ணி இல்லன்னாங்க. நான் இருக்குன்னேன். எல்லாத்தையும் சொன்னேன்.

சிரிக்கப் போகுதுன்னு பயந்தேன். சிரிக்கல. "எங்க வீட்லயும் பாத்திஹா ஓதி வெச்சதை வீணாக்க மாட்டோம் அக்கா. ஆனா ஓதினதுக்கு அப்புறமும் சர்க்கரை சர்க்கரையாத்தான் இருக்கு. எங்க வாப்பாவுக்கு சுகர் ஏறினதே அதுலதான்"னுச்சு. அப்புறம் பொறுமையா சொல்லுச்சு. ஜின்செங் சில பேருக்கு இந்த மாத்திரையோட வேகத்தைக் குறைச்சுடுமாம். எல்லாருக்கும் இல்லையாம், ஆனா யாருக்குன்னு முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். அதனாலதான் கூட்டக் கூட்ட ரத்தம் நீர்க்கல. இப்போ அதை நிறுத்தினதால, கூட்டின மாத்திரை அளவையும் அவங்களே பார்த்துப் பார்த்துத்தான் குறைக்கணுமாம், இல்லாட்டி ரத்தம் கசிய ஆரம்பிச்சுடுமாம்.

அண்ணி எல்லாத்தையும் கேட்டாங்க. கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"அப்போ கை சூடாச்சேம்மா. அது?"

சபீதா தன்னோட மணிக்கட்டு நரம்பைத் தொட்டுக் காட்டுச்சு. "ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு தோல் இருக்கு அக்கா. ஜின்செங்குல உள்ள சில சத்து அந்தத் தோலை ஒரு வாயுவை விட வைக்குது. அதுல குழாய் தளர்ந்து விரியும். விரல் நுனி வரைக்கும் ரத்தம் ஓடும். சில பேருக்குக் கை, முகமெல்லாம் சூடாகும்."

"வேருதானா?"

"வேருதான் அக்கா."

அண்ணி தன்னோட ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் போர்வைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க. அந்தப் பொண்ணை இழுத்து நாலு அறை விடலாம்னு எனக்குத் தோணுச்சு. அது என்ன தப்பு பண்ணுச்சு, பாவம். உண்மையைச் சொல்லுச்சு. ஆனா எங்க அண்ணன் ரெண்டாவது தடவை செத்தது அந்த வார்டுலதான்.

வீட்டுக்கு வந்தோம். நான் என் துணிமணியைத் தூக்கிக்கிட்டு அண்ணி வீட்டுக்கே வந்துட்டேன். டிக் டிக் திரும்ப நல்லா கேட்டுச்சு. ரத்தமும் சரியான அளவுக்கு வந்துச்சு. கிளினிக்குல மிஸ்ஸி கட்டை விரலைக் காட்டுச்சு. நான் கோயில்ல தேங்காய் உடைச்சேன்.

அண்ணிதான் சரியில்ல. படத்துக்கு விளக்கு ஏத்தல, திரையை இழுக்கல. "சத்தம் வந்துடுச்சு சாந்தினி, இனிமே அவரு வர மாட்டாரு"ன்னு ஒரு தடவை சொன்னாங்க. சோறு போட்டா சாப்பிடுவாங்க, படுன்னா படுப்பாங்க. கடைக்கும் போக ஆரம்பிச்சாங்க. வேரு சீவுற கை எப்போ வாய்க்குப் போகும்னு நினைச்சு நினைச்சு நான் பைத்தியம் ஆகாத குறை. மருந்துக் கடையில வேலை பாக்குறவங்களை எத்தனை நாளு காவல் காக்க முடியும்? அவங்களுக்கு உசுரு வேணும்னு அவங்களுக்கே தோணணும்ல.

ஒரு சாயங்காலம் வேனை விட்டுட்டு உள்ள வந்தேன். வாசனை. ரூம்ல விளக்கு எரியுது. படத்துக்கு முன்னாடி அந்தக் கப்பு, ஆவி பறக்குது. அண்ணி அதுக்கு நேரா உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்காங்க.

"குடிச்சீங்களா?"

"இல்ல."

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

"குடிக்கல சாந்தினி. வெக்காம இருக்க முடியல. வெச்சுட்டேன். இப்போ கொட்டவும் கை வரல. ஒரு தடவை மட்டும். ஒரே ஒரு தடவை கையைப் பிடிச்சுட்டு விட்டுடட்டுமே."

கத்தணும்னு வாயைத் திறந்தேன். சத்தியமா, தாமான்ல இருக்கிற வீடு பூரா கேக்கிற மாதிரி கத்தியிருப்பேன். ஆனா அவங்க கை ரெண்டும் மடியில கிடந்ததைப் பார்த்தேன். கத்தல. கப்பை எடுத்தேன், மடக்கு மடக்குன்னு நானே குடிச்சேன். எனக்கு பிரஷரும் இல்ல, மாத்திரையும் இல்ல. சீ, என்ன கசப்பு! மண்ணைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி. இதையா அண்ணன் தினமும் குடிச்சாரு?

அண்ணி வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்தாங்க. "கொட்டக் கூடாதுன்னீங்கள்ல, கொட்டல"ன்னேன். அவங்க பக்கத்துல தரையில உக்காந்தேன்.

கொஞ்ச நேரம் போச்சு. மொதல்ல காது சூடாச்சு, அப்புறம் கன்னம். அப்புறம் மெதுவா, காலம் பூரா மரத்துக் கிடக்கிற என் விரலுங்கள்ல ஒரு கதகதப்பு இறங்குச்சு. எனக்கே உடம்பு சிலிர்த்துடுச்சு. கையை நீட்டினேன். "இந்தாங்க அண்ணி."

அண்ணி ரெண்டு கையாலயும் பிடிச்சாங்க. கண்ணை மூடிக்கிட்டாங்க. எனக்கும் அண்ணனுக்கும் ஒரே மாதிரி கட்டை விரல், குட்டையா, நுனி அகலமா. அண்ணி அந்தக் கட்டை விரலைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. நான் மூச்சுகூட விடல. டிக், டிக், டிக்.

ரொம்ப நேரம் கழிச்சுக் கண்ணைத் திறந்து, என் கையைப் பார்த்தாங்க. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாங்க.

"உன் கை."

"ஆமா அண்ணி."

"அவரு செத்துட்டாரு, இல்ல?"

இத்தனை மாசத்துல அந்த வார்த்தை அவங்க வாயில வந்ததே இல்ல. எனக்கும் வாய்க்கு வந்தது ஒரே வார்த்தைதான்.

"ஆமா."

அண்ணி என் கையை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு, மொத தடவையா, ஓன்னு அழுதாங்க. அவ்வளவு அழுகையிலயும் என் உள்ளங்கைக்கு அடியில அது விடாம அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.